சவ்வு சுவரா, திரவமா? ஒளிரும் சாயம் சொன்ன பதில்

செல்லைச் சுற்றியிருக்கும் சவ்வு அசையாத சுவரா, அல்லது எண்ணெய்ப் படலம் மாதிரி ஒரு திரவமா? இந்தக் கேள்விக்குக் கண்ணால் பார்க்கும்படியான பதில் 1970-இல் கிடைத்தது.

முதலில் கொஞ்சம் பின்கதை. 1925-இல் நெதர்லாந்தின் கார்ட்டர், கிரெண்டெல் இருவரும் இரத்தச் சிவப்பணுக்களின் கொழுப்பைப் பிரித்து நீரின்மேல் ஒற்றை அடுக்காகப் பரப்பினார்கள். அது அந்த அணுக்களின் மேற்பரப்பைப் போல் இரண்டு மடங்கு இடத்தை அடைத்தது. ஆக, சவ்வு என்பது கொழுப்பு மூலக்கூறுகளின் இரட்டை அடுக்கு என்றார்கள். ஆனால் அதிலுள்ள மூலக்கூறுகள் நகர்கின்றனவா? எலக்ட்ரான் நுண்ணோக்கி காட்டியதெல்லாம் உறைந்துபோன படங்கள்தான்.

அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் ஃப்ரை, எடிடின் இருவரும் ஓர் எலி செல்லையும் ஒரு மனித செல்லையும் செண்டாய் என்ற வைரஸின் உதவியால் ஒன்றாக இணைத்தார்கள். எலிப் புரதங்களுக்கு ஒரு நிறம், மனிதப் புரதங்களுக்கு வேறு நிறம் என, பச்சையாகவும் சிவப்பாகவும் ஒளிரும் சாயம் கட்டிய ஆன்டிபாடிகளால் அடையாளமிட்டார்கள். இணைந்த உடனே பார்த்தால் பாதி பச்சை, பாதி சிவப்பு. 37 டிகிரியில் 40 நிமிடம் கழித்துப் பார்த்தால், பெரும்பாலான செல்களில் இரண்டு நிறமும் முழுக்கக் கலந்திருந்தன!

செல் புதுப் புரதங்களைத் தயாரித்திருக்கலாமே என்று நீங்கள் கேட்கலாம். அவர்களுக்கும் அந்தச் சந்தேகம் வந்தது. புரத உற்பத்தியை மருந்தால் தடுத்தார்கள், கலப்பு நிற்கவில்லை. ஏ.டி.பி. என்ற ஆற்றல் மூலக்கூறு உருவாவதைத் தடுத்தார்கள், அப்போதும் நிற்கவில்லை. வெப்பநிலையை 15 டிகிரிக்குக் கீழே இறக்கியபோதுதான் கலப்பு வெகுவாகக் குறைந்தது. குளிரில் தேங்காய் எண்ணெய் உறைவது நினைவுக்கு வருகிறதா? புரதங்கள் ஒரு திரவத்தில் மிதக்கின்றன என்பதே இதற்குப் பொருத்தமான விளக்கம். 1972-இல் சிங்கரும் நிக்கல்சனும் வெளியிட்ட திரவ மொசைக் மாதிரிக்கு இது முக்கியமான சான்றானது.

நகர்கிறது சரி, எவ்வளவு வேகம்? இதற்குச் சாயத்தை ஒளிரவைப்பதோடு, அணைக்கவும் வேண்டியிருந்தது. கார்னெல் பல்கலைக்கழகத்தின் ஆக்செல்ராட், வெப் குழுவினர் 1976-இல் விளக்கிய முறை இது: லேசரால் ஒரு சிறு புள்ளியிலுள்ள சாயத்தை மங்கச் செய்துவிட்டுக் காத்திருக்க வேண்டும். பக்கத்திலிருந்து ஒளிரும் மூலக்கூறுகள் நீந்தி வந்தால் அந்த இடம் மீண்டும் பிரகாசமாகும். ஆகும் நேரத்திலிருந்து வேகத்தைக் கணக்கிடலாம்.

இப்படி அளந்தபோது, ஒரு கொழுப்பு மூலக்கூறு பாக்டீரியா அளவு தூரத்தைச் சில விநாடிகளில் கடந்துவிடும் என்று தெரிந்தது. இன்னொன்றும் தெரிந்தது: சில இடங்களில் வெளிச்சம் முழுதாகத் திரும்புவதில்லை. அதாவது, சில புரதங்கள் உள்ளேயிருக்கும் செல் சட்டகத்தோடு கட்டப்பட்டுக் கிடக்கின்றன. சவ்வு திரவம்தான், ஆனால் அதில் எல்லோருக்கும் நீந்த அனுமதி இல்லை!