முதுமையா, முடக்கமா?

பள்ளி விளையாட்டுப் போட்டி நாள்களில் பெற்றோர்களும் ஆசிரியர்களும் சொல்லக் கேட்கும் தொடர் ஒன்றுண்டு: "நமக்கு வயதாகிவிட்டது." நாற்பதைத் தாண்டாதவர்களே இவ்வாறு கூறிக் கூடாரத்து நிழலில் அமர்ந்துவிடுகின்றனர். ஓட்டமும் தாவலும் மாணவர்க்கு, கைதட்டல் பெரியவர்க்கு என்பது எழுதாத விதியாகிவிட்டது. அவ்விதியில் எவ்வளவு உண்மை உள்ளது என்பதை வரலாற்றின் துணைகொண்டு சற்றே ஆராய்வோம்.

திரிங்காப் வட்டாரத்தில் இவ்விதி பழையதன்று. 1929இல் ரஸ்ஸல் என்னும் ஆங்கிலேயர் போ தேயிலை நிறுவனத்தைத் தோற்றுவித்த காலந்தொட்டு, கேமரன் மலைச் சரிவுகளில் நம்மவர் கூடை சுமந்து ஏறி இறங்கினர். பேரன் பேத்தி கண்ட பெண்களும் நிரை பிடித்துக் கொழுந்து பறித்தனர். அதை எவரும் உடற்பயிற்சி என்று அழைக்கவில்லை. பிழைப்பு என்றே அழைத்தனர். மழையும் குளிரும் அட்டைக்கடியும் நிறைந்த அவ்வாழ்வை எண்ணி ஏங்குவது என் நோக்கமன்று. பின்னாளில் கைப்பறிப்பின் இடத்தைக் கத்திரியும் இயந்திரமும் பெரும்பாலும் பிடித்துக்கொண்டன. பிள்ளைகள் படித்தனர், அலுவலகங்களுக்கும் வகுப்பறைகளுக்கும் சென்றனர். சுமை இறங்கியது நன்மையே. ஆனால் சுமையோடு சேர்ந்து அசைவும் இறங்கிவிட்டது.

வேலையில் உள்ள அசைவு உடலுக்கு என்ன செய்கிறது என்ற வினாவை முதன்முதலில் பேரளவில் ஆராய்ந்தவர்களுள் ஒருவர் ஜெர்ரி மோரிஸ் என்னும் பிரிட்டிஷ் மருத்துவர். இலண்டனின் ஈரடுக்குப் பேருந்துகளில் ஓட்டுநர் நாள் முழுவதும் அமர்ந்திருப்பார். நடத்துநரோ பயணச்சீட்டு வழங்கப் படிக்கட்டில் பலமுறை ஏறி இறங்குவார். இருவரும் ஒரே நிறுவனத்தினர். 1953இல் வெளியான ஆய்வில், நடத்துநர்களைவிட ஓட்டுநர்களுக்கே மாரடைப்பு மிகுதியாக வந்ததை மோரிஸ் காட்டினார். ஐயமும் எழாமல் இல்லை. ஓட்டுநர் வேலைக்குச் சேர்ந்தோரின் சீருடைக் காற்சட்டைகள் தொடக்கத்திலேயே இடுப்பளவில் பெரியவை என்பதை அவரே பின்னர்க் கண்டறிந்து வெளியிட்டார்! தம் முடிவுக்கு இடையூறான சான்றையும் மறைக்காத அந்நேர்மையை நம் மாணவர்க்கு எடுத்துக்கூறலாம். அவர் 2009இல், தம் 99ஆம் வயதில் மறைந்தார்.

இனி 1966ஆம் ஆண்டுக்கு வருவோம். அவ்வாண்டு மலேசியத் தமிழர் மறக்கவியலாதது. சுங்கை சிப்புட்டில் பிறந்த ம. ஜெகதீசன் பேங்காக் ஆசிய விளையாட்டுப் போட்டியில் 100 மீட்டர், 200 மீட்டர், 4x100 மீட்டர் அஞ்சலோட்டம் ஆகிய மூன்றிலும் தங்கம் வென்றார். ம. இராஜாமணி பெண்களுக்கான 400 மீட்டரில் தங்கம் வென்றார். ஈராண்டுகளுக்குப் பின் மெக்சிகோ ஒலிம்பிக்கில் ஜெகதீசன் 200 மீட்டரை 20.92 விநாடிகளில் ஓடினார். அத்தேசியச் சாதனை 2017 வரை, 49 ஆண்டுகள் நிலைத்தது. ஆயினும் அவர் ஓட்டத்தைத் துறந்து மருத்துவத் தொழிலுக்குத் தம்மை ஒப்படைத்தபோது அவருக்கு வயது 25 அளவே. அக்காலத்தில் அது வியப்பன்று. ஊதியமில்லாத விளையாட்டை விட்டுத் தொழிலுக்குச் செல்வது இயல்பு. முப்பதைத் தொட்ட ஓட்டக்காரரை முதியவர் என்றே கருதினர்.

அதே 1966இல் அமெரிக்காவின் டல்லாஸ் நகரில், புகழேதும் இல்லாத ஐந்து இளைஞர்கள் படுக்கையில் படுத்திருந்தனர். அவர்கள் நோயாளிகள் அல்லர். 20 வயதுடைய நலமான தொண்டர்கள். மூன்று வாரம் எழாமல் படுத்திருந்தால் உடல் என்னாகும் என்பதே ஆய்வு. உச்ச உழைப்பின்போது உடல் பயன்படுத்தும் பிராணவாயுவின் அளவு, ஓட்டத்திறனின் முக்கிய அளவுகோல். அது ஏறத்தாழ 26 விழுக்காடு வீழ்ந்தது. பின்னர் எட்டு வாரப் பயிற்சியில் மீண்டு, பழைய அளவையும் விஞ்சியது.

இத்துடன் முடிந்திருந்தால் நமக்கு அதில் பெரிய செய்தி இல்லை. முப்பது ஆண்டுகளுக்குப் பின், 1996இல், அதே ஐவரையும் ஆய்வாளர்கள் மீண்டும் அழைத்தனர். அப்போது அவர்களுக்கு ஐம்பது வயது. சராசரி உடல் எடை ஏறத்தாழ 77 கிலோவிலிருந்து 100 கிலோவாக உயர்ந்திருந்தது. கொழுப்பின் பங்கு இருமடங்காகியிருந்தது. ஆனால் அந்த அளவுகோல் இருபது வயதில் இருந்ததைவிட 12 விழுக்காடு அளவே குறைந்திருந்தது! இளமையில் மூன்று வாரம் படுத்ததால் விளைந்த வீழ்ச்சி, முப்பதாண்டு முதுமையால் விளைந்ததைவிடப் பெரிது. ஆறு மாத காலம் நடை, மெதுவோட்டம், மிதிவண்டி எனச் சிறிது சிறிதாகக் கூட்டிப் பயிற்சி செய்ததும், படுக்கைக்கு முந்தைய இருபது வயது அளவை அவர்கள் எட்டினர். 2001இல் இம்முடிவுகள் வெளிவந்தன. ஐந்தே பேர், அனைவரும் ஆண்கள் என்பதை மறந்துவிடலாகாது. அறுபது வயதில் மூன்றாம் முறை சோதித்தபோது, இருபது வயது அளவிலிருந்து ஏற்பட்ட மொத்த வீழ்ச்சி அம்மூன்று வாரப் படுக்கையின் வீழ்ச்சிக்கு நிகராக வந்துவிட்டிருந்தது. முதுமை பொய்யன்று. ஆனால் அதன் கணக்கில் நாம் எழுதும் தொகையில் பெரும்பங்கு முடக்கத்தின் கணக்கில் எழுதவேண்டியது.

மூச்சுத்திறன் அவ்வாறாயின் தசை எவ்வாறு? 1990இல் வெளியான பாஸ்டன் ஆய்வொன்றில், சராசரி 90 வயதுடைய முதியோர் இல்லவாசிகள் பத்துப் பேருக்கு எட்டு வாரம் காலால் எடை தூக்கும் பயிற்சி தரப்பட்டது. பயிற்சியை முடித்தோரின் தசைவலிமை சராசரியாக 174 விழுக்காடு உயர்ந்தது. இருவர் ஊன்றுகோலின்றி நடந்தனர். தொண்ணூறில் தொடங்கியும் பயன் விளைந்தது என்பதை நாற்பதில் நாற்காலி தேடும் நாம் எண்ணிப் பார்க்கவேண்டும்.

ஆய்வுக்கூடத்துக்கு வெளியிலும் உலகம் மாறிக்கொண்டிருந்தது. 1975இல் டொரொன்டோவில் முதல் உலக மூத்தோர் தடகளப் போட்டி நடந்தது. அதன்பின் ஐந்தைந்து வயதுப் பிரிவாகப் போட்டியிடும் முறை நாடெங்கும் பரவியது. அறுபது வயதினர் இருபது வயதினரை வெல்லவேண்டியதில்லை. தம் வயதினரோடு ஓடினால் போதும். எளிய மாற்றம்தான், ஆயினும் பல்லாயிரவரை மீண்டும் திடலுக்கு அழைத்து வந்தது அதுவே.

வயதுப் பிரிவின் சலுகையின்றியே நின்று காட்டியவரும் நம்மிடையே உண்டு. சென்னையின் மேசைப்பந்து வீரர் சரத் கமல் 2006இல் மெல்பர்ன் காமன்வெல்த் போட்டியில் ஒற்றையர் தங்கம் வென்றார். பதினாறு ஆண்டுகள் கழித்து, 2022இல் பர்மிங்காமில் மீண்டும் அதே தங்கத்தை வென்றபோது அவருக்கு நாற்பது வயது. அப்போட்டியிலேயே கலப்பு இரட்டையரிலும் குழுப் பிரிவிலும் தங்கம், ஆடவர் இரட்டையரில் வெள்ளி. ஐந்தாம் ஒலிம்பிக்காகப் பாரிசில் ஆடியபின், 2025 மார்ச்சில் சென்னையிலேயே விடைபெற்றார். 25இல் ஓய்ந்த தலைமுறைக்கும் 42இல் ஓய்ந்த இவருக்கும் இடையே மனித உடல் மாறிவிடவில்லை. பயிற்சிமுறையும் மருத்துவமும் வருவாயும் மாறின. எப்போது நிறுத்தவேண்டும் என்ற எண்ணமும் மாறியது.

நமக்குப் பதக்கம் வேண்டியதில்லை. ஆனால் 2019ஆம் ஆண்டின் தேசிய உடல்நல ஆய்வில், மலேசியப் பெரியவர்களுள் 18.3 விழுக்காட்டினருக்கு நீரிழிவு இருந்தது; இனவாரியாக இந்தியரிடையே அது மிக அதிகம். தேயிலைச் சரிவில் ஏறியவர்களின் பேரப்பிள்ளைகள் நாம்.

அடுத்த பெற்றோர் ஆசிரியர் சங்கக் கூட்டத்தில் ஒரு வேண்டுகோளை முன்வைக்க எண்ணியுள்ளேன். பெற்றோருக்கான ஒற்றை வேடிக்கை ஓட்டத்துக்கு மாறாக, முப்பது, நாற்பது, ஐம்பது, அறுபது என வயதுவாரியாக நடைப்போட்டி வைக்கலாம். பெயர் கொடுப்போர் மூன்று மாதத்திற்கு முன்பே மருத்துவரிடம் இரத்த அழுத்தமும் சர்க்கரையும் பார்த்துக்கொண்டு, வாரத்தில் ஐந்து நாள் அரைமணி நேரம் நடந்து வரவேண்டும். தாத்தா பாட்டிகளுக்கும் ஒரு பிரிவு உண்டு. மாலை மழைக்கு முன்பே நடையை முடித்துக்கொள்ளுங்கள்; நம் மலைப்பாதைகள் நனைந்தால் வழுக்கும்.