அலையும் அவத்தையும்

மாங்குளத்திலிருந்து கண்டி வீதி வழியே கிளிநொச்சி நோக்கிச் செல்வோர், கொக்காவிலில் 174 மீற்றர் உயர்ந்து நிற்கும் கோபுரமொன்றைக் காண்பர். அவ்விடத்தில் முன்பிருந்த தொலைக்காட்சி நிலையம் 1990ஆம் ஆண்டுப் போரில் இழக்கப்பட்டது. இருபத்தோராண்டுகள் கழித்து, 2011இல் இப்புதிய கோபுரம் திறக்கப்பட்டது. வானொலி, தொலைக்காட்சி, தொலைபேசி ஆகிய மூன்றுக்கும் உரியது அது. ஆயினும் கோபுரத்தின் உயரம் மட்டும் செய்தியைக் கொண்டுசேர்ப்பதில்லை. வரும் அலையோடு வாங்கும் கருவி இசைந்து நிற்றல் வேண்டும். அவ்விசைவை அறிஞர் தேடிய வரலாறு அறியத்தக்கது.

செய்தியைச் சுமந்து செல்லும் அலையைக் காவி அலை என்பர். அது ஒரு செக்கனில் எத்தனை முறை அதிர்கின்றது என்பது மீடிறன். குறித்த கணத்தில் தன் ஏற்ற இறக்கத்தின் எவ்விடத்தில் நிற்கின்றது என்பது அவத்தை. கோயில் வீதியில் தவிற்கலைஞர் இருவர் ஒரே காலப்பிரமாணத்தில் வாசிப்பினும், எடுப்பில் வேறுபட்டால் வாசிப்பு ஒன்றாகாது. அலைகளின் நிலையும் அத்தகையதே.

இலக்கமுறைத் தொடர்பின் எளிய முறையொன்றில், ஒன்று என்பதற்கு அலையை நேராகவும் பூச்சியத்திற்குத் தலைகீழாகவும் அனுப்புவர். வாங்கும் கருவி அதே மீடிறனும் அவத்தையுமுடைய அலையைத் தானே பிறப்பித்து, வந்த அலையோடு பெருக்கிச் செய்தியைப் பிரித்தெடுக்கும். அவத்தை 60 பாகை பிழைத்தால் கிடைக்கும் குறியின் அளவு பாதியாகும். 90 பாகை பிழைத்தால் ஒன்றுமே எஞ்சாது. 180 பாகை பிழைத்தாலோ குறி முழு வலிமையோடு வரும். ஆனால் ஒன்றெல்லாம் பூச்சியமாகவும் பூச்சியமெல்லாம் ஒன்றாகவும் மாறிவிடும். மௌனத்தினும் இது கொடிது.

இசைந்து வாங்கும் முறையைப் பற்றிப் பிரான்சு நாட்டு ஹென்றி டி பெல்லெசீஸ் 1932இல் எழுதினார். 1956இல் அமெரிக்க ஜெனரல் எலெக்ட்ரிக் நிறுவனத்தின் ஜோன் கொஸ்ராஸ், தனிக் காவி அலை அனுப்பப்படாதபோதும் அவத்தையைக் கண்டறியும் வழியை வகுத்தார். அவர் முறையில், கால் சுற்று வேறுபட்ட இரண்டு அலைகளோடு வரும் அலை ஒப்பிடப்படும். அவற்றின் விளைவுகளைப் பெருக்கப் பிழையின் திசை புலப்படும். கருவி தன்னைத் தானே திருத்திக்கொள்ளும்.

எனினும் நேரையும் தலைகீழையும் அக்கருவி வேறுபடுத்தி அறியாது. ஆகவே பொறியியலாளர், ஒவ்வொரு குறியும் முன்னையதிலிருந்து மாறியதா, மாறவில்லையா என்பதிலேயே செய்தியை அமைத்தனர். அனைத்தும் தலைகீழாயினும் மாற்றங்கள் மாறா, செய்தி பிழைக்கும்.

நெடுங்காலம் செய்தி அறுந்திருந்த மண்ணில் கோபுரம் எழுந்தது பெரும்பேறே. எனினும் உரத்து ஒலிப்பது பாதிப் பணியே. கேட்கும் கருவி இசைந்து நிற்பதே மறுபாதி.