கூரையும் தீப்பொறியும்

உணவு, உடை, உறையுள் என்னும் மூன்றும் மனித வாழ்வின் அடிப்படைத் தேவைகள் என்பதை யாவரும் அறிவர். உறையுளுக்கு உயிராய் அமைவது கூரை. சுவரின்றியும் மனிதன் சில காலம் வாழ்தல் கூடும். கூரையின்றி ஒரு மழைநாளைக் கழித்தலும் அரிது. எனினும், மழையைத் தடுத்த கூரையே தீயை அழைத்து வந்த வரலாறும் உண்டு. அவ்விடரிலிருந்து அமெரிக்க நாட்டின் எளிய மக்கள் மீண்ட கதை அறியத்தக்கது.

அமெரிக்காவில் குடியேறிய மக்களுக்கு மரம் மிகுதியாகக் கிடைத்தது. ஆதலின், அவர்கள் மரத்தை மெல்லிய சில்லுகளாகப் பிளந்து, ஒன்றன்மேல் ஒன்று படியுமாறு கூரையில் அறைந்தனர். 'ஷிங்கிள்' என்பது அச்சில்லின் பெயர். விலை குறைவு, வேலையும் எளிது. ஆனால், வெயிலில் உலர்ந்த சில்லுகள் எளிதில் தீப்பற்றின. காற்று அவற்றைப் பெயர்த்து, எரிகொள்ளிகளாக அடுத்த தெருவின் கூரைகள்மேல் வீசியது. 1871ஆம் ஆண்டு அக்டோபர் 8ஆம் நாள் இரவு சிகாகோ நகரில் மூண்ட தீ, 10ஆம் நாள் வரை எரிந்தது. ஏறத்தாழ 300 பேர் மாண்டனர். 17,000க்கு மேற்பட்ட கட்டடங்கள் அழிந்தன. ஏறத்தாழ ஓர் இலட்சம் மக்கள் வீடிழந்தனர். 1923 செப்டம்பரில் கலிபோர்னியாவின் பெர்க்கிலி நகரில், குன்றுப்புறத்திலிருந்து இறங்கிய தீயும் மரக்கூரைகளின் வழியே தாவிச் சென்று ஏறத்தாழ 600 கட்டடங்களை விழுங்கிற்று.

கற்பலகையும் சுட்ட ஓடும் தீக்கு அஞ்சாதவை. ஆயினும், அவை விலை மிக்கவை. அவற்றின் பாரத்தைத் தாங்க வலிய சட்டங்களும், பதிக்கத் தேர்ந்த தொழிலாளரும் வேண்டும். எனவே, பாதுகாப்பு செல்வர்க்கும் அச்சம் ஏழையர்க்கும் உரியனவாய் இருந்தன.

இந்நிலையை மாற்றியது, சாலை போடப் பயன்படும் நிலக்கீல். பழந்துணிக் கந்தைகளைக் கூழாக்கிக் கனத்த தாளாகச் செய்து, நிலக்கீலில் தோய்த்த கூரைச் சுருள்கள் பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியிலேயே விற்பனைக்கு வந்திருந்தன. மேற்புறத்தில் கல்துகளைத் தூவி அழுத்துவதும் வழக்கமாயிற்று. 1903ஆம் ஆண்டில், மிச்சிகன் மாநிலத்துக் கிராண்ட் ராப்பிட்ஸ் நகரில் கூரைத் தொழில் புரிந்த ஹென்றி ரெனால்ட்ஸ் என்பவர் அத்தகைய சுருளைச் சிறு சில்லுகளாக வெட்டினார். நிலக்கீல் எரியும் பொருளாயிற்றே என்னும் ஐயம் எழலாம். மேலே போர்த்திய கல்துகளே அதற்குக் காவல். பறந்து வரும் பொறி பற்றிப் படர வழியின்றி அதன்மேல் அவியும். மரக்கூரைகளுக்கு எதிராகத் தீக்காப்பீட்டு நிறுவனங்கள் நடத்திய இயக்கமும் துணைநிற்க, நிலக்கீல் ஷிங்கிள் நாடெங்கும் பரவியது.

அதன் மற்றொரு சிறப்பு, வீட்டுக்காரர் தாமே பதித்துக்கொள்ள இயன்றமையாகும். சியர்ஸ் வணிக நிறுவனம் 1908 முதல் 1940 வரை வீடுகளையே அஞ்சல்வழி விற்றது. எண்ணிட்ட மரச்சட்டங்கள், ஆணிகள், கூரைப்பொருள், விளக்கநூல் ஆகிய அனைத்தும் இரயிலில் வந்து சேரும். உறவினரும் அயலாரும் கைகொடுக்கத் தம் வீட்டைத் தாமே எழுப்பிக்கொண்ட குடும்பங்கள் பல.

பதிக்கும் முறையும் கடினமன்று. பின்னாளில் பெருவழக்காய் நிலைத்த ஷிங்கிள், 36 அங்குல நீளமும் 12 அங்குல அகலமும் உடையது. பலகையடித்த கூரைமேல் நிலக்கீல் தாளை விரித்து, இறவாரத்தில் தொடங்கி முகட்டை நோக்கி வரிசை வரிசையாக ஏற வேண்டும். ஒவ்வொரு வரிசையிலும் 5 அங்குலமே வெளியே தெரியும்; எஞ்சிய பகுதி மேல் வரிசையின்கீழ் மறையும். ஒரு வரிசையின் இணைப்பு அடுத்த வரிசையின் இணைப்புக்கு நேரே அமைதல் ஆகாது. ஆணித்தலைகளை மேல் வரிசை மூடிவிட வேண்டும். இவ்விதிகளுள் ஒன்று பிழைத்தாலும் நீர் உள்ளே புகும். நம் நாட்டில் அத்தாப்புக் கூரை வேய்ந்தோரும் கீழிருந்தே மேலேறினர். பொருள் வேறாயினும், மேலிருந்து கீழே ஓடும் மழைநீர் இரு நாட்டாருக்கும் கற்பித்த பாடம் ஒன்றே.

காலப்போக்கில் கந்தைத்தாளின் இடத்தைக் கண்ணாடி இழை பெற்றது. தீயைத் தாங்கும் ஆற்றலும் மிகுந்தது. இன்றும் அமெரிக்க வீடுகளிற் பெரும்பாலானவை நிலக்கீல் ஷிங்கிள் கூரை உடையவை. குறையும் இல்லாமலில்லை. கற்பலகைபோல் அது நூறாண்டு உழைப்பதில்லை. பெயர்த்தெடுத்த பழைய ஷிங்கிள்களுள் பெரும்பகுதி குப்பைமேட்டையே சேர்கிறது. ஒரு பகுதி மட்டும் சாலை அமைக்கப் பயன்படுகிறது.

ஆயினும், அதன் வரலாறு உணர்த்தும் உண்மை ஒன்றுண்டு. சிகாகோவில் தன் வீட்டில் தீ மூட்டாதவனும் தன் வீட்டை இழந்தான். அயலான் கூரையிலிருந்து பறந்த பொறி அவன் கூரையிலும் இடம் கண்டது. ஊர் காக்கப்பட வேண்டுமாயின், அவ்வூரின் ஏழையும் வாங்கத்தக்க விலையில் பாதுகாப்பு கிடைத்தல் வேண்டும். கந்தையும் நிலக்கீலும் கல்துகளும் சேர்ந்து அதனை இயலச் செய்தன.