கேட்கும் செவியும் அதன் கடமையும்

துயருற்ற மனிதன் தன் மனத்தைப் பிறரிடம் திறந்து பேசி ஆறுதல் பெறுவது மிகப் பழைய வழக்கமாகும். ஆயினும், அவ்வாறு பேசுவதையே ஒரு மருத்துவ முறையாக வகுத்துக்கொண்ட வரலாறு பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில்தான் தொடங்குகிறது. அம்முறை மருத்துவரின் அறையை விட்டுப் படைக்கும் தொழிற்சாலைக்கும் சென்றபோது, ஒரு வினாவும் உடன் சென்றது. தொழிலாளியின் துயரைக் கேட்கும் செவி, அவனுக்காகக் கேட்கிறதா, அவனை வேலைக்கு அமர்த்தியவருக்காகக் கேட்கிறதா என்பதே அவ்வினா.

வியன்னாவில் தோன்றிய முறை

வியன்னா நகர மருத்துவர் யோசப் புரோயர் 1880 முதல் 1882 வரை ஓர் இளம்பெண்ணுக்குச் சிகிச்சை அளித்தார். உடலில் காரணம் காண இயலாத முடக்கமும் பேச்சுத் தடையும் அவருக்கு இருந்தன. ஓர் அறிகுறி முதன்முதலில் தோன்றிய சூழலை அவர் நினைவுகூர்ந்து சொன்னபோது அது தணிந்ததாகப் புரோயர் எழுதினார். அப்பெண்ணே இதற்குப் 'பேச்சுச் சிகிச்சை' என்று பெயரிட்டார். 1895இல் புரோயரும் சிக்மண்ட் பிராய்டும் வெளியிட்ட நூலில் இந்நிகழ்ச்சி 'அன்னா ஓ' என்னும் புனைபெயரில் இடம்பெற்றது. நூல் கூறிய அளவுக்கு அவர் குணமடையவில்லை என்பது பிற்கால ஆராய்ச்சியால் தெரியவந்தது. எனினும், நனவுக்கு எட்டாமல் அமுக்கப்பட்ட நினைவுகள் மனிதனை இயக்குகின்றன என்ற கருத்து வேரூன்றியது. நம்பிக்கைக்குரிய ஒருவர் முன்னிலையில் அவற்றைச் சொல்லாக்கி விளங்கிக்கொண்டால் அவற்றின் பிடி தளரும் என்பதே உளவியக்க ஆலோசனையின் அடிப்படையாயிற்று.

படைவீரரின் மருத்துவமனை

முதல் உலகப் போரில் குண்டுவீச்சின் நடுவே நின்ற வீரர் பலர், நடுக்கத்துக்கும் கொடுங்கனவுகளுக்கும் ஆளாயினர். நடந்ததை மறந்துவிடுமாறு அறிவுறுத்துவதே அன்றைய வழக்கமாக இருந்தது. எடின்பரோ நகருக்கு அருகிலிருந்த கிரெய்க்லாக்கார்ட் படை மருத்துவமனையில் பணியாற்றிய டபிள்யூ. எச். ஆர். ரிவர்ஸ் இதற்கு மாறான வழியைக் கையாண்டார். நீலகிரியின் தோடர்களிடையே தங்கி ஆராய்ந்து, 1906இல் அவர்களைப் பற்றிய பெருநூலை வெளியிட்ட அறிஞரும் இவரே.

ரிவர்ஸ் 1918இல் வெளியிட்ட கட்டுரையில் ஓர் அதிகாரியின் நிலையை விளக்குகிறார். குண்டினால் சிதறுண்ட நண்பனின் உடலைக் கண்ட அவ்வதிகாரியை அக்காட்சி இரவுதோறும் கனவில் வருத்தியது. உடல் அவ்வாறு சிதறியிருந்தமையே, நண்பன் வேதனை ஏதுமின்றி நொடியில் இறந்தான் என்பதற்குச் சான்று என ரிவர்ஸ் எடுத்துக்காட்டினார். நினைவை ஒதுக்காமல் அதனை எதிர்கொள்ள ஒரு வழி பிறந்தது. பின்னர் வந்த கனவில் அதிகாரி நண்பனுடன் அச்சமின்றி உரையாடினார்.

ஆனால், ரிவர்ஸ் மருத்துவர் மட்டுமல்லர், படை அதிகாரியுமாவார். குணமடைந்தவரை மீண்டும் பணிக்கு அனுப்புவது அவர் கடமை. போரை எதிர்த்து அறிக்கை விட்ட கவிஞர் சிக்ஃபிரீட் சாசூன் 1917இல் அவரிடம் அனுப்பப்பட்டார். அவ்வாண்டிலேயே பணிக்குத் திரும்பினார். கனிவுமிக்க அந்தச் செவியும் படையின் ஆணைக்கு உட்பட்டதாகவே இருந்தது.

தொழிற்சாலையில் ஒரு செவி

ஆஸ்திரேலியாவில் போர் அதிர்ச்சியுற்ற வீரர்களுக்கு உதவிய எல்ட்டன் மேயோ, பின்னர் அமெரிக்கா சென்று ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் பணியாற்றினார். சிகாகோ அருகே தொலைபேசிக் கருவிகளைச் செய்த ஹாத்தோர்ன் தொழிற்சாலையில் 1928 முதல் 1930 வரை ஏறத்தாழ 21,000 தொழிலாளர்கள் பேட்டி காணப்பட்டனர். மேயோவின் கருத்துகள் இம்முயற்சிக்குத் துணைநின்றன. முதலில் குறிப்பிட்ட வினாக்களே கேட்கப்பட்டன. தொழிலாளர் வினாவை விட்டு விலகி வேறு பேசுவதைக் கண்ட பேட்டியாளர், பின்னர் அவர்கள் விரும்பியதையே பேசவிட்டனர். அரைமணி நேரப் பேட்டி ஒன்றரை மணியாக நீண்டது.

கூலி குறைவு என ஒரு தொழிலாளி முறையிட்டார். அவரைப் பேசவிட்டுக் கேட்டபோது, நோயுற்ற மனைவியின் மருத்துவச் செலவே அவரை வாட்டியது புலனாயிற்று. முறையீட்டின் பின்னால் மறைந்திருந்த துயரைக் கண்டது ஆய்வாளர்க்குப் பெருமை. ஆயினும், கூலி உயர்ந்திருப்பின் அச்செலவும் சுமையாகியிராது அன்றோ! துயரைக் கண்டறிந்தவர், முறையீடு பொய் என்று முடிவுகட்டுதல் எளிது.

அத்தொழிற்சாலையில் 1936 முதல் 1956 வரை நிலையான ஆலோசனைத் திட்டமும் நடைபெற்றது. ஆலோசகர்கள் தாம் கேட்டதைப் பிறருக்கு வெளியிடவில்லை. குறையைத் தீர்க்கும் அதிகாரமும் அவர்களுக்கு இல்லை. பேசியவரின் மனம் இலேசாயிற்று. ஆனால், குறை இருந்த இடத்திலேயே இருந்தது எனத் தொழிற்சங்கச் சார்பினர் குறைகூறினர்.

தாதியரின் அச்சம்

இவ்விடரிலிருந்து மற்றொரு வழியைக் காட்டியவர் இசபெல் மென்சீஸ். இலண்டன் டாவிஸ்டாக் நிறுவனத்தைச் சேர்ந்த இவர், ஒரு பொது மருத்துவமனையின் தாதியர் பணியை ஆராய்ந்து 1960இல் தம் முடிவுகளை வெளியிட்டார். அங்குப் பயிற்சித் தாதியரில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கினர் பயிற்சியை முடிக்காமல் விலகினர்.

நோயையும் மரணத்தையும் நாள்தோறும் காணும் பணி அச்சம் தருவது இயல்பு. அவ்வச்சத்தைத் தவிர்க்க மருத்துவமனையே சில பழக்கங்களை வளர்த்திருந்தது. நோயாளியைப் பெயரால் அழையாமல், படுக்கை எண்ணாலும் நோயுற்ற உறுப்பாலும் குறித்தனர். தாதியரை ஓரிடத்தில் நிலைக்கவிடாமல் அடிக்கடி மாற்றினர். உறக்க மருந்து கொடுப்பதற்காக உறங்கும் நோயாளியை எழுப்பியதும் உண்டு! இவ்வேற்பாடுகள் அச்சத்தைத் தணிக்கவில்லை. நோயாளிக்குத் துணைநிற்பதால் வரும் நிறைவையே தாதியரிடமிருந்து பறித்தன. ஆகவே, அழும் தாதியை மட்டும் ஆற்றுவது போதாது, அவளை அழவைக்கும் ஏற்பாட்டையும் ஆராய வேண்டும் என்பது அவ்வாய்வு தரும் பாடமாகும்.

முடிவுரை

இவ்வரலாறு உணர்த்துவது யாது? செவிகொடுத்தல் மனத்துயரைத் தணிக்கும் என்பதை ரிவர்ஸின் அறையும் ஹாத்தோர்ன் பேட்டிகளும் காட்டுகின்றன. கேட்டறிந்த துயருக்குக் காரணம் வெளியே இருக்குமாயின், அதனை மாற்ற முயல்வதும் கேட்டவரின் கடமை என்பதை மென்சீஸின் ஆய்வு சேர்த்துரைக்கிறது. வகுப்பில் வாடிய முகத்துடன் அமர்ந்திருக்கும் மாணவனை அழைத்துப் பேசும் ஆசிரியரும் இவ்விரண்டையும் நினைவிற்கொள்ள வேண்டும். அவன் துயர் வீட்டில் தோன்றியதாக இருக்கலாம். அவ்வகுப்பறையிலேயே தோன்றியதாகவும் இருக்கலாம். பின்னதாயின், ஆறுதல் கூறுவதோடு நில்லாமல், வகுப்பறையைத் திருத்தவும் அவர் முன்வர வேண்டும்.