கார்க் கண்காட்சி என்னும் பள்ளிக்கூடம்

மயில் ஆடக் கண்ட வான்கோழி தானும் சிறகை விரித்து ஆடியது என்று நம் முன்னோர் சொல்லி வைத்திருக்கிறார்கள். அந்த வான்கோழி செய்த பிழை என்ன? மயிலைப் பார்த்தது பிழையன்று. ஆட விரும்பியதும் பிழையன்று. மயிலிடமிருந்து எதைக் கற்கலாம், எதைக் கற்க இயலாது என்று எண்ணிப் பாராததே பிழை. மாணவர்களே, பிறர் செய்த நல்ல வேலையைப் பார்த்து ஊக்கம் பெறுவது எங்ஙனம் என்னும் கேள்விக்குப் பழைய மோட்டார் கார்களின் வரலாற்றில் நல்லதொரு விடை இருக்கிறது. அதை உங்களுக்குச் சொல்ல விரும்புகிறேன்.

சுண்ணக்கட்டியோடு வாழ்நாளைக் கழித்த தலைமையாசிரியனுக்கும் கார்களுக்கும் என்ன தொடர்பு என்று நீங்கள் கேட்கலாம். என் தமக்கையின் பேரன் அமெரிக்க நாட்டின் கலிபோர்னியா மாநிலத்தில், பொமோனா நகருக்கு அருகே கல்லூரியில் பயில்கிறான். பணி ஓய்வுக்குப் பின் சில மாதங்கள் அவன் வீட்டில் தங்கியிருந்தேன். அவ்வீட்டு வண்டிக் கொட்டிலில் 1931-ஆம் ஆண்டில் செய்யப்பட்ட ஃபோர்டு 'மாடல் ஏ' கார் ஒன்று சக்கரமின்றி மரக்கட்டைகளின்மேல் நின்றது. கோடை விடுமுறைகளில் உழைத்துச் சேர்த்த பணத்தில் அவன் வாங்கியது அது. வாங்கி இரண்டு ஆண்டுகள் ஆகியும் ஒரு திருகாணிகூடப் பூட்டப்படவில்லை.

காரணம் கேட்டேன். தடித்த குறிப்பேடு ஒன்றைக் கொண்டுவந்து காட்டினான். மாற்றியமைத்த கார்களின் கண்காட்சிகளுக்குச் செல்லும்போதெல்லாம் அங்கே கண்டவற்றைப் படமாக்கி அதில் ஒட்டி வைத்திருந்தான். ஒரு பக்கத்தில் கூரையைத் தாழ்த்திய கார். மறுபக்கத்தில் மட்கார்டுகளைக் கழற்றிய கார். அடுத்த பக்கத்தில் செம்பழுப்பு வர்ணம். அதற்கடுத்த பக்கத்தில் கருநீலம். "ஒவ்வொரு கண்காட்சிக்குப் பிறகும் என் திட்டம் மாறிவிடுகிறது, தாத்தா" என்றான். கண்ட அழகெல்லாம் அவனுக்கு ஊக்கம் தரவில்லை, கையைக் கட்டிப்போட்டது. அவன் சேமிப்பு கரைந்துகொண்டிருந்தது. வண்டியை விற்றுவிடும்படி வீட்டார் சொல்லத் தொடங்கியிருந்தார்கள்.

இந்நிலையில் அவனுக்குத் துணையாக நானும் இத்தகைய வண்டிகளின் வரலாற்றைப் படிக்கத் தொடங்கினேன். படித்ததைச் சுருக்கிச் சொல்கிறேன்.

ஹென்றி ஃபோர்டின் தொழிற்சாலை 1908 முதல் 1927 வரை 'மாடல் டி' என்னும் காரை ஒன்றரைக் கோடிக்கு மேல் செய்து குவித்தது. அதன்பின் வந்த 'மாடல் ஏ' வண்டிகள் 1931 வரையில் ஏறத்தாழ 48 லட்சம் வெளிவந்தன. 1932-ஆம் ஆண்டில் ஃபோர்டு ஒரு புதுமை செய்தார். எட்டுச் சிலிண்டர்களை இரண்டு வரிசையாகச் சாய்த்து, ஒரே வார்ப்பில் அமைத்து, 65 குதிரைத் திறன் தரும் எஞ்சினைக் குறைந்த விலைக் காரில் வைத்தார். அதற்குமுன் எட்டுச் சிலிண்டர் எஞ்சின் என்பது பெரும்பாலும் செல்வர் வீட்டு வண்டிக்கே உரியதாக இருந்தது.

இவ்வண்டிகள் பழையனவாகி மலிவு விலைக்கு வந்தபோது, தெற்குக் கலிபோர்னியாவின் இளைஞர் அவற்றை வாங்கினர். பாரம் குறைந்தால் வேகம் மிகும் என்பது இயற்பியல். ஆகவே மட்கார்டுகளைக் கழற்றினர், பானெட்டை நீக்கினர், எஞ்சினுக்கு ஒரு கார்ப்பரேட்டருக்குப் பதில் இரண்டு மூன்று பொருத்தினர். பழைய 'மாடல் ஏ' உடலை, அதனினும் உறுதியான 1932-ஆம் ஆண்டு அடிச்சட்டத்தின்மேல் ஏற்றினர். இங்ஙனம் பிறந்த வண்டிகளுக்கே பின்னாளில் 'ஹாட் ராட்' என்னும் பெயர் நிலைத்தது. மியூராக், எல் மிராஜ் ஆகிய பாலைநிலத்து வறண்ட ஏரிகள் அவர்களுடைய ஓட்டக் களங்கள். நீரின்றிக் காய்ந்து தரைபோல் இறுகிய அவ்வேரிப் படுகைகளில் மைல்கணக்கில் தடையின்றி ஓடலாம். 1937-ஆம் ஆண்டில் பல சங்கங்கள் ஒன்றுகூடித் தெற்குக் கலிபோர்னியா நேர ஓட்டக் கழகத்தை நிறுவி, வேகத்தை முறையாக அளக்க ஏற்பாடு செய்தன.

இரண்டாம் உலகப் போர் முடிந்ததும் அவ்விளைஞர் பலர் படையிலிருந்து திரும்பினர். அவர்களுள் பில் பர்க் என்பவர் போர்க்காலத்தில் பசிபிக் கடற்பகுதியில் பணியாற்றியவர். போர் விமானங்களின் கீழே தொங்கும் எரிபொருள் கலத்தை அங்கே அவர் கண்டார். நீர்த்துளி போன்ற வடிவம். காற்றைக் கிழித்துச் செல்வதற்கென்றே அமைந்தது. 1946-ஆம் ஆண்டில் அத்தகைய கலம் ஒன்றை வாங்கி அதனையே உடலாகக் கொண்டு ஓட்ட வண்டி அமைத்தார். அக்கலத்தைப் போரில் எத்தனையோ பேர் பார்த்திருப்பார்கள். ஆயினும் "காற்றின் தடையைக் குறைப்பது எப்படி?" என்ற கேள்வியை மனத்தில் சுமந்துகொண்டிருந்தவர் கண்ணுக்கே அது வண்டியாகத் தெரிந்தது. கேள்வி முன்னே வரவேண்டும். காட்சி பின்னே வரவேண்டும். இதனைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள்.

ஏரிகளில் ஓடியவர்கள் ஒழுங்கோடு ஓடினர். ஆனால் நகரத் தெருக்களில் சிலர் போட்டியிட்டு ஓட்டி விபத்துக்களை விளைவித்தனர். பொதுமக்கள் முகம் சுளித்தனர், செய்தித்தாள்கள் கண்டித்தன. அப்பொழுது இளைஞர் செய்தது பாராட்டத்தக்கது. எதிர்த்துக் கூச்சலிடாமல், தம் வேலையை ஊரார் கண்முன் வைத்தனர். 1948-ஆம் ஆண்டு சனவரித் திங்களில் லாஸ் ஏஞ்சல்ஸ் நகரத்துப் படைக்கல மண்டபத்தில் அக்கழகம் ஹாட் ராட் கண்காட்சி நடத்தியது. இவ்வண்டிகள் பொறுப்போடும் தேர்ச்சியோடும் செய்யப்படுபவை என்பதை மெய்ப்பிப்பதே அதன் நோக்கம். அதே மாதத்தில் ராபர்ட் பீட்டர்சன் என்னும் இளைஞர் 'ஹாட் ராட்' என்ற இதழைத் தொடங்கி, அம்மண்டபத்தின் படிக்கட்டில் நின்று இருபத்தைந்து சென்ட் விலைக்கு விற்றார். பின்னர் அவ்விதழின் ஆசிரியரான வாலி பார்க்ஸ், 1951-ஆம் ஆண்டில் தேசிய ஹாட் ராட் சங்கத்தை நிறுவி, தெருப் பந்தயத்தை விதிகளுக்கு உட்பட்ட களத்திற்கு மாற்றப் பாடுபட்டார்.

1950-ஆம் ஆண்டில் ஓக்லாந்து நகரில் மற்றொரு பெருங்கண்காட்சி தோன்றியது. அமெரிக்காவின் மிக அழகிய திறந்த கார் என்னும் பரிசு அங்கே ஏற்படுத்தப்பட்டது. முதற் பரிசைப் பெற்றவர் பில் நீகாம்ப். அவர் வண்டி 1929-ஆம் ஆண்டு 'மாடல் ஏ'யிலிருந்து உருவானது. பரிசு பெற்ற வண்டியை அவர் கண்ணாடிப் பேழையில் வைத்துப் பூட்டிவிடவில்லை. 1952-இல் எல் மிராஜ் ஏரியில் மணிக்கு 140 மைலுக்கும் மேலான வேகத்தில் ஓட்டிக் காட்டினார். அழகும் பயனும் அவ்வண்டியில் பகைக்கவில்லை.

நாணயத்தின் மறுபக்கத்தையும் பார்ப்பதே வரலாறு கற்பவர் கடமை. பழைய கார்களைப் பிறந்த கோலத்திலேயே காக்க வேண்டும் என்று கருதுவோர் ஒரு சாரார். அவர்களுடைய சங்கம் 1935-ஆம் ஆண்டிலேயே அந்நாட்டில் தோன்றிவிட்டது. கூரையை அறுத்து, அடிச்சட்டத்தை வெட்டி மாற்றிய ஒவ்வொரு வண்டியும் தம் கண்முன் அழிந்த ஒரு வரலாற்று ஏடு என அவர்கள் வருந்துகின்றனர். அவ்வருத்தம் நியாயமானதே. ஒருமுறை அறுத்த தகட்டைப் பழையபடி ஒட்டலாம். பழைய தகடாக ஆக்க இயலாது.

ஆயினும் காலம் ஒரு வேடிக்கை செய்தது. டோன் ஸ்பென்சர் என்பவர் 1932-ஆம் ஆண்டு ஃபோர்டு ஒன்றை 1940-களில் மாற்றியமைக்கத் தொடங்கினார். பின்னர் மெக்சிகோ நாட்டு நெடுஞ்சாலைப் பந்தயத்தில் ஓட்டக் கருதி, கரடுமுரடான வழியில் அடிபடாதவாறு கீழ்ப்பகுதிகளை உயர்த்தி அமைத்தார். அரை நூற்றாண்டு கழிந்தது. பழைய கார்களுக்குப் பெரும் பெயர் வாய்ந்த பெபிள் பீச் கண்காட்சி, 1997-ஆம் ஆண்டில் முதன்முறையாக ஹாட் ராட் வண்டிகளுக்கென ஒரு பிரிவைத் திறந்தது. அப்பிரிவில் முதலிடம் பெற்றது ஸ்பென்சரின் வண்டியே. தொழிற்சாலையிலிருந்து வந்த கோலத்துக்கு அதனை எவரும் திருப்பவில்லை. ஸ்பென்சர் அமைத்த கோலத்துக்கே புதுப்பித்தார்கள். மாற்றமே காக்கத்தக்க வரலாறாகிவிட்டது! ஏன்? அவர் செய்த ஒவ்வொரு மாற்றத்துக்கும் ஒரு காரணம் இருந்தது. காரணமுள்ள வேலைக்கே காலம் மரியாதை செய்கிறது.

இவற்றையெல்லாம் பேரனுக்குச் சொல்லிக்கொண்டிருந்த வேளையில், ஓக்லாந்தில் தொடங்கிய அக்கண்காட்சி வந்தது. 2004-ஆம் ஆண்டு முதல் அது பொமோனாவிலேயே நடைபெற்று வருகிறது. இருவரும் சென்றோம். வாயிலில் அவன் கையிலிருந்த படக்கருவியை வாங்கி என் பையில் போட்டுக்கொண்டேன். "இன்று படம் வேண்டாம், தம்பி. முதலில் எனக்கு ஒன்று சொல். உன் வண்டி எதற்காக?" என்று கேட்டேன். அவன் திகைத்தான். இரண்டு ஆண்டுகளில் அக்கேள்வியை அவன் தன்னிடமே கேட்டுக்கொள்ளவில்லை. நெடுநேரம் கழித்து, "கல்லூரிக்கு நாள்தோறும் ஓட்டிச் செல்லவேண்டும், தாத்தா" என்றான்.

அதன்பின் அவன் பார்வை மாறியது. பளபளக்கும் வர்ணத்தைக் கடந்து, குனிந்து வண்டிகளின் அடிப்புறத்தைப் பார்க்கலானான். ஓரிடத்தில் அவனுடையதைப் போன்ற 'மாடல் ஏ' ஒன்று நின்றது. அதன் உடையவர் முதியவர். கையில் எண்ணெய்க் கறை. பேரன் அவரிடம், "ஐயா, இதில் நீங்கள் செய்த தவறு எது?" என்று கேட்டான். அவர் முகம் மலர்ந்தது. தம் வெற்றியைக் கேட்பவர்க்கு இரண்டு சொல்லில் விடை சொல்பவர், தவறைக் கேட்டவனுக்கு ஒரு மணி நேரம் பாடம் நடத்தினார். எஞ்சினை முதலில் மாற்றிவிட்டுப் பிரேக்கைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டதுதான் அவர் செய்த தவறு. ஒரு சரிவில் வண்டி நிற்காமல் ஓடி வேலியில் மோதியதாம். 'மாடல் ஏ'யில் பிரேக் விசையைச் சக்கரங்களுக்குக் கொண்டு செல்வன இரும்புக் கம்பிகள். நான்கையும் ஒரே அளவாக முடுக்கி வைக்காவிட்டால் வண்டி ஒரு பக்கம் இழுக்கும். 1939-ஆம் ஆண்டு வண்டிகளில்தான் ஃபோர்டு திரவ அழுத்தப் பிரேக்கைக் கொண்டுவந்தது. அதனைப் பழைய வண்டிகளுக்குப் பொருத்துவது ஹாட் ராட் இளைஞர்கள் கண்ட வழிகளுள் ஒன்று. "வேகத்தைக் கூட்டுகிறவன் முதலில் நிற்கக் கற்றுக்கொள்ள வேண்டும்" என்றார் அம்முதியவர்.

அவ்விரவு பேரன் தன் குறிப்பேட்டிலிருந்து மூன்று பக்கங்களை மட்டும் எடுத்துக்கொண்டான். பிரேக், அடிச்சட்டம், மின் விளக்கு ஆகியவை பற்றியவை அவை. உடலை அறுப்பதில்லை எனத் தீர்மானித்தான். கழற்றும் உறுப்பு ஒவ்வொன்றுக்கும் சீட்டுக் கட்டிப் பெட்டியில் வைத்தான். பின்னாளில் யாரேனும் வண்டியைப் பழைய கோலத்துக்குத் திருப்ப விரும்பினால் வழி இருக்கவேண்டும் அன்றோ? மறுவாரம் முதல் திருகாணி பூட்டப்பட்டது. நான் ஊர் திரும்பிப் பல மாதங்கள் கழித்து, அவன் கல்லூரி வாயிலில் அவ்வண்டி நிற்கும் படம் வந்தது. வர்ணம் இன்னும் பூசவில்லை; பட்டி பார்த்த இடங்கள் திட்டுத்திட்டாகத் தெரிந்தன. எனக்கு அது பேரழகாகத் தோன்றியது.

மாணவர்களே, அவனுக்கு அறிவுரை சொன்ன நானும் ஒருகால் அந்த வான்கோழியாக இருந்தவனே. ஆசிரியப் பயிற்சிக் கல்லூரியில் எங்கள் பேராசிரியர் நடத்திய மாதிரிப் பாடம் ஒன்றைக் கண்டு மயங்கினேன். பணியேற்ற முதல் மாதத்தில், அவர் சொன்ன அதே வேடிக்கையை, அதே கையசைப்போடு, ஒரு சிற்றூர்ப் பள்ளியில் நிகழ்த்தினேன். பிள்ளைகள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள், ஒருவரும் சிரிக்கவில்லை, பாடமும் விளங்கவில்லை. பேராசிரியரின் கையசைப்பைக் கற்றேனேயன்றி, எதிரே அமர்ந்திருக்கும் பிள்ளை யார் என்று அவர் முதலில் ஆராய்ந்ததைக் கற்கவில்லை. அதனை உணர எனக்குப் பல ஆண்டுகள் ஆயின. என் பேரனுக்கு இரண்டு ஆண்டுகள்தாம் ஆயின.

நீங்கள் கார் செய்யாமற் போகலாம். கட்டுரை எழுதுவீர்கள், கருவி அமைப்பீர்கள், கடை வைப்பீர்கள். எதுவாயினும் சிறந்தோர் செய்தவற்றைத் தேடிச் சென்று பாருங்கள். போகுமுன் உங்கள் வேலை எதற்காக என்பதைத் தீர்மானித்துக்கொள்ளுங்கள். பார்க்கும்போது வர்ணத்தைக் கடந்து அடிச்சட்டத்தைப் பாருங்கள். செய்தவரைக் கண்டால் அவருடைய தவறுகளைப் பணிவோடு கேளுங்கள். திரும்பி வந்தபின் மூன்று பக்கங்களுக்கு மேல் வைத்துக்கொள்ளாதீர்கள். பிறகு, மறுநாளே முதல் திருகாணியைப் பூட்டுங்கள்.