தொழிற்பயிற்சி: பேரா மாணவர்களும் பெற்றோரும் தெரிந்துகொள்ள வேண்டியவை

"பையன் யூனிவர்சிட்டியில மூணாவது வருசம். இப்ப ஏதோ கம்பெனியில வேலை செய்றான். ஆனா சம்பளம் இல்லையாம்." சுங்கை சிப்புட், பீடோர், தெலுக் இந்தான் பக்கத்துத் திருமண வீடுகளில் இந்தப் பேச்சை அடிக்கடி கேட்கலாம். முதல் தலைமுறையாகப் பல்கலைக்கழகத்துக்குப் பிள்ளையை அனுப்பிய குடும்பங்களுக்குத் 'லத்தேஹான் இண்டஸ்ட்ரி' எனப்படும் தொழிற்பயிற்சி இன்றும் ஒரு புதிராகவே இருக்கிறது. வேலையா, படிப்பா? சம்பளம் ஏன் இல்லை? வீட்டுக்குப் பக்கத்திலேயே ஏதாவது கடையில் முடித்துவிட்டால் என்ன?

கடைசிக் கேள்விதான் முக்கியமானது. இந்தச் சில மாதங்களைச் சரியாகப் பயன்படுத்தும் மாணவர் பட்டம் பெறும்போதே ஒரு துறையின் உள்வழக்கத்தை அறிந்தவராக இருப்பார். பயன்படுத்தாதவர் கையில் மதிப்பெண் பட்டியலும் ஒரு நன்றிக் கடிதமும் மட்டுமே இருக்கும்.

தோட்டத்தில் வளர்ந்தவர்களுக்கு அனுபவத்தில் கற்பது புதிதல்ல. பால்மரம் வெட்டப் பழகியவர்கள் யாரும் புத்தகம் படித்துப் பழகவில்லை. விடியுமுன் பிரட்டு முடிந்து, அம்மாவின் நிரையில் மங்கு துடைத்து, ஒட்டுப்பால் உரித்து, பிறகு ஒருநாள் வெட்டிச் சாய்க்கப்போகும் கிழ மரத்தில் கத்தி பிடிக்க வாய்ப்புக் கிடைக்கும். ஆழம் குறைந்தால் பால் சரியாக இறங்காது. ஆழம் கூடினால் மரத்தில் காயம் விழும். அந்த இடத்தில் புதுப்பட்டை மேடும் பள்ளமுமாக வளர்ந்து, அடுத்த சுற்றில் வெட்டுக்கு உதவாமல் போகும். பக்கத்தில் நின்ற பெரியவர் அந்தக் காயத்தைக் காட்டி, "கை இங்கே சாய்ந்தது, அதனால்தான்" என்று சொன்னபோதுதான் பாடம் முடிந்தது. செய்தது மட்டும் போதவில்லை. ஏன் அப்படி ஆனது என்று யாரோ நின்று காட்டினார்கள்.

கல்வியாளர்கள் இதையே வேறு சொற்களில் சொன்னார்கள். ஜான் டூயி 1938ஆம் ஆண்டு நூலில், எல்லா அனுபவமும் கல்வியாகிவிடாது என்று வாதிட்டார். டேவிட் கோல்ப் 1984இல் அதை நான்கு படிகள் கொண்ட சுற்றாக வரைந்தார்: ஒன்றைச் செய்வது, செய்ததைத் திரும்பிப் பார்ப்பது, அதிலிருந்து ஒரு பொது விதியைப் புரிந்துகொள்வது, அந்த விதியை அடுத்த முறை சோதித்துப் பார்ப்பது. நம் மாணவர்கள் பலரின் தொழிற்பயிற்சி முதல் படியிலேயே நின்றுவிடுகிறது.

பல்கலைக்கழகமும் தொழிற்சாலையும் சேர்ந்து கற்பிக்கும் முறைக்கு நூறாண்டுக்கு மேல் வயது. அமெரிக்காவின் சின்சினாட்டி பல்கலைக்கழகத்தில் ஹெர்மன் ஷ்னைடர் 1906இல் 27 பொறியியல் மாணவர்களோடு இதைத் தொடங்கினார். தமிழ்நாட்டில் கோயம்புத்தூர் பி.எஸ்.ஜி. தொழில்நுட்பக் கல்லூரியின் ஐந்தாண்டு 'சாண்ட்விச்' பொறியியல் படிப்பு இதே வழியில் வந்தது. வகுப்பும் பட்டறையும் மாறி மாறி வரும் படிப்பு அது.

இனி நம் நாட்டு விதிகள். மலேசியத் தகுதி நிர்ணய நிறுவனமான எம்கியூஏ கணக்கின்படி, இரண்டு வாரத் தொழிற்பயிற்சிக்கு ஒரு கிரெடிட். பொறியியல் பட்டப் படிப்புக்கு அங்கீகாரம் வேண்டுமானால் குறைந்தது எட்டு வாரத் தொடர் பயிற்சி கட்டாயம். அதற்கு அதிகபட்சம் ஆறு கிரெடிட்தான் கணக்கில் வரும். பாலிடெக்னிக் டிப்ளோமா மாணவர்களுக்கு ஒரு முழுப் பருவம், அதாவது 20 வாரம். 1969இல் ஈப்போவில் நாட்டின் முதல் பாலிடெக்னிக்காகத் தொடங்கிய உங்கு ஓமார் பாலிடெக்னிக்கின் மாணவர்களுக்கும் இந்தக் கணக்குத்தான். ஆகவே பெற்றோர் இதைப் படிப்புக்கு இடையில் வந்த ஓய்வு என்று எண்ண வேண்டாம். இது மதிப்பெண் உள்ள பாடம். தவறினால் பட்டம் தள்ளிப்போகும்.

உயர்கல்வி அமைச்சும் சில ஆண்டுகளாக இதே திசையில்தான் செல்கிறது. இரண்டாண்டு பல்கலைக்கழகத்தில், இரண்டாண்டு தொழில்துறையில் என்னும் '2யூ2ஐ' முறை 2017 வாக்கில் வந்தது. சமூக சேவையைப் பாடத்தோடு இணைக்கும் 'சூலாம்' திட்டம் 2019இல் வந்தது. அனுபவக் கல்வியையே மையமாக வைத்த 'எக்செல்' திட்டம் 2021இல் அறிமுகமானது. பெயர்கள் மாறிக்கொண்டே இருக்கும். மாணவர் கேட்க வேண்டியது ஒன்றுதான்: என் துறையில் இது எப்படி நடக்கிறது?

பேராவில் கவனிக்கத்தக்க எடுத்துக்காட்டு ஸ்ரீ இஸ்கண்டாரில் உள்ள பெட்ரோனாஸ் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம். 1997இல் பல்கலைக்கழகமான இங்கு, தொழிற்பயிற்சி 28 வாரம் என்று நீண்ட காலமாக அமைந்திருந்தது. பொறியியல் அங்கீகாரம் கேட்கும் எட்டு வாரத்தைப்போல் மூன்றரை மடங்கு. அதைவிட முக்கியம், அது பிரிக்கப்பட்ட விதம். முதல் 14 வாரம் பயிற்சி, அடுத்த 14 வாரம் திட்டப்பணி. முதல் பாதியில் இடத்தையும் மனிதர்களையும் இயந்திரங்களையும் அறிந்துகொள்ளும் மாணவருக்கு, இரண்டாம் பாதியில் தனக்கென்று ஒரு பிரச்சினை கையில் கிடைக்கிறது. எட்டு வாரத்தில் இது நடப்பது அரிது. நிறுவனத்தில் யார் எங்கே உட்காருகிறார்கள் என்று தெரிவதற்கே மூன்று வாரம் போய்விடும்.

பயிற்சி எப்போது வருகிறது என்பதும் முக்கியம். கடைசிப் பருவத்தில் வைத்தால் அங்கேயே வேலை கிடைக்கும் வாய்ப்பு உண்டு. நம் குடும்பங்களுக்கு இது பெரிய ஈர்ப்பு. அதைக் குறை சொல்ல முடியாது. ஆனால் மாணவர் மீண்டும் வகுப்புக்கு வரமாட்டார். பார்த்ததைப் பேராசிரியரிடம் கேட்க, இறுதியாண்டு ஆய்வில் சோதித்துப் பார்க்க வழியில்லை. பயிற்சி முடிந்து ஒரு வருடமாவது வகுப்பில் இருப்பவருக்குக் கோல்ப் சொன்ன சுற்று முழுமையடையும். என்னைக் கேட்டால், படிப்பில் இன்னும் ஒரு வருடம் மிச்சமிருக்கும்போது போவதே நல்லது. தேர்ந்தெடுக்கும் உரிமை மாணவருக்கு எப்போதும் இருப்பதில்லை என்பதும் உண்மை.

பல்கலைக்கழகத்தின் தொழில் வழிகாட்டி மையம் என்ன செய்ய வேண்டும்? நிறுவனப் பட்டியல் ஒன்றைக் கொடுத்து, கடிதம் அச்சடித்துத் தருவதோடு வேலை முடிந்தது என்று சில இடங்களில் நினைக்கிறார்கள். உண்மையான வேலை அதற்கு முன்னும் பின்னும் இருக்கிறது. முன்பு: மாணவர் எதைக் கற்கப் போகிறார் என்பதை நிறுவனத்தோடு எழுத்தில் ஒத்துக்கொள்வதும், நிறுவனத்தில் யார் பொறுப்பு என்று பெயரோடு குறிப்பதும். நடுவில்: விரிவுரையாளர் ஒருமுறையாவது நேரில் போய்ப் பார்ப்பது. பின்பு: திரும்பி வந்தவர் தன் இளைய மாணவர்கள் முன் நின்று, எது சரியாக வந்தது, எது வரவில்லை என்று பேசுவது. இந்தக் கடைசிப் பகுதிதான் பெரும்பாலும் விடுபடுகிறது.

லாக் புக் எனப்படும் பதிவேடு பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். "இன்று கோப்புகளை அடுக்கினேன். மாலை கூட்டத்தில் கலந்துகொண்டேன்." இப்படி நூறு பக்கம் எழுதினாலும் பயனில்லை. எடுத்துக்காட்டுக்கு ஈப்போ வட்டாரத்தின் மின்னணுத் தொழிற்சாலைகளை எடுத்துக்கொள்வோம். கார்செம், யூனிசெம் போன்ற சில்லுப் பொதியாக்க நிறுவனங்கள் இங்கே இருக்கின்றன. இத்தகைய ஆலையில் சில்லிலிருந்து வெளியே முடியைவிட மெல்லிய கம்பிகளை ஒட்டுவார்கள். ஒட்டிய கம்பியை இழுத்துப் பார்த்து உறுதியைச் சோதிப்பார்கள். தரப் பிரிவில் இருக்கும் மாணவர், "இழுவைச் சோதனை செய்தேன்" என்று எழுதலாம். அல்லது இப்படி எழுதலாம்: பிற்பகலில் எண்கள் குறைந்தன, இயந்திரம் ஓட்டும் அக்காவைக் கேட்டேன், கம்பியை வழிநடத்தும் ஊசி போன்ற கருவி தேய்ந்தால் இப்படி ஆகும் என்றார், அது எத்தனை ஒட்டுக்குப் பிறகு மாற்றப்படுகிறது என்று பார்த்தேன், அடுத்த வாரம் மாற்றிய நாளுக்கு முன்னும் பின்னும் எண்களை ஒப்பிடுவேன். இரண்டாவது பதிவை எழுதியவர் நேர்முகத் தேர்வில் பத்து நிமிடம் தடையின்றிப் பேசுவார்.

சிறிய வேலை கிடைத்துவிட்டதே என்று மனம் உடைய வேண்டாம். என் உறவுப் பையன் ஒருவன் கணக்கியல் படித்தான். ஓர் அலுவலகத்தில் முதல் மூன்று வாரம் அவனுக்குக் கிடைத்தது விலைச்சிட்டைகளை ஸ்கேன் செய்யும் வேலை. வீட்டில் எல்லாருக்கும் கோபம். அவன் மேற்பார்வையாளரிடம், "ஸ்கேன் செய்யும்போதே கொள்முதல் ஆணையோடு சரிபார்த்து வைக்கட்டுமா அண்ணே?" என்று கேட்டான். ஒரே சிட்டைக்கு இருமுறை பணம் போன இடங்கள் அதில் சிக்கின. அதற்குப் பிறகு அவனை ஸ்கேனர் பக்கம் யாரும் அனுப்பவில்லை. எல்லா இடத்திலும் இப்படி நடக்கும் என்று சொல்ல மாட்டேன். கேட்டும் கொடுக்காத இடங்கள் உண்டு. அப்போது மூன்றாவது அல்லது நான்காவது வாரத்திலேயே பல்கலைக்கழக ஒருங்கிணைப்பாளரிடம் எழுத்தில் தெரிவிக்க வேண்டும். கடைசி வாரத்தில் புகார் செய்தால் யாராலும் உதவ முடியாது.

பணம் பற்றிப் பேசாமல் இருக்க முடியாது. 2025 பிப்ரவரி முதல் நாட்டின் குறைந்தபட்சச் சம்பளம் 1,700 வெள்ளி. ஆனால் பாடத்தின் பகுதியாகப் பயிற்சிக்குப் போகும் மாணவர் வேலை ஒப்பந்தத்தில் இல்லாததால், அந்த ஆணை பொதுவாக அவருக்குப் பொருந்தாது. டேலண்ட்கோர்ப் நடத்தும் கட்டமைக்கப்பட்ட பயிற்சித் திட்டத்தில் சேரும் நிறுவனங்களுக்கு இரட்டை வரிக்கழிவு உண்டு. அது அறிமுகமானபோது வைத்த நிபந்தனை, குறைந்தது பத்து வாரப் பயிற்சியும் மாதம் 500 வெள்ளி அலவன்ஸும். மாதத்தில் 22 வேலை நாள் என்றால், நாளுக்கு 23 வெள்ளிகூட வராது. பேராவில் வீட்டிலிருந்து மோட்டார் சைக்கிளில் போகிறவருக்கு இது சமாளிக்கக்கூடியது. கிள்ளான் பள்ளத்தாக்கில் அறை வாடகை கொடுப்பவருக்குப் போதாது. பயிற்சிப் பருவத்திலும் பாடப் பதிவும் கட்டணமும் இருக்கும் என்பதைப் பல பெற்றோர் எதிர்பார்ப்பதில்லை. வசதியில்லாத வீட்டுப் பிள்ளை பெரிய நிறுவனத்தின் வாய்ப்பை விட்டுவிட்டு வீட்டுப் பக்கத்துக் கடைக்குப் போவதற்குப் பெரும்பாலும் இதுவே காரணம். அதைத் திறமைக் குறைவு என்று யாரும் பேசக்கூடாது. விண்ணப்பிக்குமுன், வரிக்கழிவுத் திட்டத்தில் நிறுவனம் இருக்கிறதா, தங்குமிடம் உண்டா என்று மையத்தின் வழியாகக் கேட்பது மாணவரின் உரிமை.

பேராவை விட்டுப் போகாமலே நல்ல பயிற்சி கிடைக்காதா? 1985இல் ஈயச் சந்தை சரிந்தபின் கிந்தா பள்ளத்தாக்கு ஆட்களை இழந்தது உண்மை. ரப்பர் தோட்டங்கள் செம்பனைக்கு மாறியபோது லயங்களும் காலியாயின. ஆயினும் இடங்கள் இல்லாமல் இல்லை. தஞ்சோங் மாலிமில் புரோட்டோன் கார் ஆலை, லுமுட் வட்டாரத்தில் கப்பல் பட்டறையும் துறைமுகமும், ஈப்போவைச் சுற்றிச் சுண்ணாம்புக்கல் சார்ந்த தொழில்கள், நகரில் ராஜா பெர்மைசூரி பைனுன் மருத்துவமனை. 2018இல் தேசியப் புவிப்பூங்காவான கிந்தா பள்ளத்தாக்கு புவியியல், சுற்றுலா மாணவர்களுக்கு அருமையான களம். பத்து காஜா பக்கத்தில் கெல்லி கோட்டையைப் பார்க்க வரும் பயணிகளுக்கு, அதைக் கட்டிய தமிழ்த் தொழிலாளர் வரலாற்றைச் சொல்லும் ஆள் எப்போதும் தேவை.

கல்வித்துறை மாணவர்களுக்கு இங்கே தனி வாய்ப்பு. 1922இல் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியாகத் தொடங்கிய சுல்தான் இட்ரிஸ் கல்வியியல் பல்கலைக்கழகம் தஞ்சோங் மாலிமில் இருக்கிறது. நாட்டிலேயே அதிகமாக 134 தமிழ்ப்பள்ளிகள் பேராவில்தான். அவற்றில் பல, 150 மாணவருக்கும் குறைவான தோட்டப் பள்ளிகள். பயிற்சி ஆசிரியர்கள் நகரப் பள்ளியையே விரும்புவது இயல்பு. ஆனால் பத்துப் பதினைந்து பிள்ளைகள் மட்டும் இருக்கும் வகுப்பில் ஒவ்வொரு பிள்ளையின் தடுமாற்றமும் கண்ணுக்குத் தெரியும். ஒரு பாடம் ஏன் ஏறவில்லை என்று மறுநாளே மாற்றிப் பார்க்கலாம். நாற்பது பேர் வகுப்பில் இது நடக்காது.

பாதுகாப்பையும் கேட்டு வையுங்கள். 1994ஆம் ஆண்டு வேலையிடப் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டத்தின்படி, ஊழியர் அல்லாதோருக்கும் ஆபத்து நேராமல் பார்ப்பது முதலாளியின் கடமை. அதன் திருத்தம் 2024 ஜூன் 1 முதல் நடப்பில் உள்ளது. குவாரி, பட்டறை, ஆய்வுக்கூடம் என்றால் முதல் நாளே பாதுகாப்பு விளக்கம் கொடுத்தார்களா, காலணியும் தலைக்கவசமும் யார் தருவது, பல்கலைக்கழகத்தின் காப்புறுதி எதுவரை பொருந்தும் என்பதை எழுத்தில் வாங்குங்கள்.

விண்ணப்பத்தைப் பயிற்சிக்கு ஐந்தாறு மாதம் முன்பே தொடங்குவது நல்லது; பெரிய நிறுவனங்களின் இடங்கள் சீக்கிரம் நிரம்பும். பயிற்சி முடியும் கடைசி வாரத்தில் மேற்பார்வையாளரிடம் நன்றிக் கடிதத்தோடு நிற்காமல், செய்த வேலையின் விவரம் அடங்கிய பரிந்துரைக் கடிதத்தையும் கேட்டு வாங்குங்கள். ஆறு மாதம் கழித்துக் கேட்டால் அந்த மேற்பார்வையாளர் வேறு நிறுவனத்துக்குப் போயிருக்கலாம்.