கடிகாரமும் கால இடைவெளியும்: நெடுங்கேணி நேரம் பற்றிய ஒரு வரலாற்றுக் குறிப்பு

காலத்தை அளத்தல் வேறு. காலத்திற்குப் பெயரிடுதல் வேறு. முன்னையது பௌதிகம் சார்ந்தது. பின்னையது அதிகாரம் சார்ந்தது. கணினிப் பணிசெயல் முறைமைகளின் நியமங்கள் இவ்வேறுபாட்டைப் பேணுகின்றன. வன்னியின் அண்மைக்கால வரலாறு அதன் சமூகப் பொருளை உணர்த்துகின்றது. இவ்விரண்டையும் இணைத்து நோக்குவதே எமது நோக்கமாகும்.

1983இல் வெளிவந்த 4.2 பி.எஸ்.டி. யுனிக்ஸ் முறைமையில் கால இடைவெளி கணிப்பான் இடம்பெற்றது. செய்நிரலொன்று ஓர் இடைவெளியைக் கோரும். அது கழிந்ததும் முறைமையின் கரு ஒரு சமிக்ஞையை அனுப்பும். அதனை ஏற்கும் ஏற்பாடு முன்கூட்டியே செய்யப்படாவிடின் செய்நிரல் அவ்விடத்திலேயே முடிவுறும். இன்றைய பொசிக்ஸ் நியமப்படி, முறைமையின் கடிகாரத்தை எவரேனும் மாற்றியமைத்தாலும், 'இவ்வளவு நேரங் கழித்து' எனக் கோரப்பட்ட இடைவெளி மாறுவதில்லை. யுனிக்ஸ் 1970இன் தொடக்கத்திலிருந்து கழிந்த செக்கன்களையே எண்ணுகின்றது. உள்ளூர் மணி, நேர வலய அட்டவணை ஒன்றைக் கொண்டு பின்னரே கணிக்கப்படுகின்றது. அதிகாரம் நுழைவது அவ்வட்டவணையிலேயாம்.

மின் தட்டுப்பாட்டை முன்னிட்டு, 1996 மே 25 அன்று இலங்கை அரசு கடிகாரத்தை ஒரு மணித்தியாலம் முன்னகர்த்தியது; ஒக்ரோபர் 26 அன்று அரை மணித்தியாலம் பின்னகர்த்தியது. விடுதலைப் புலிகள் இம்மாற்றங்களை ஏற்காது, கிறீன்விச்சுக்கு ஐந்தரை மணித்தியாலம் முந்திய பழைய நேரத்தையே தம் பகுதிகளிற் பேணினர். 2006 ஏப்ரல் 15 அன்று அரசும் அந்நேரத்திற்கு மீண்டது. இடைப்பட்ட ஏறக்குறைய பத்தாண்டுகள் ஒரே தீவில் இரு நேரங்கள் நிலவின.

நெடுங்கேணி 1997இல் இராணுவத்தின் வசமாகி, 1999 நவம்பரில் மீண்டும் புலிகளின் வசமாயிற்று. எனவே, அக்காலத்து ஆவணமொன்று இவ்வூரில் 'காலை எட்டு மணி' எனக் குறிப்பிடுமாயின், அது எவரது எட்டு மணி என்ற வினா எழுகின்றது.

உலகக் கணினிகள் பெரிதும் சார்ந்துள்ள நேர வலயத் தரவுத்தளத்தில் இலங்கைக்குரியது கொழும்பு வலயம் ஒன்றே. வன்னி நேரம் அங்கு ஒரு விளக்கக் குறிப்பாகவே இடம்பெறுகின்றது. புலிகளின் பகுதியில் வாழ்வோர் கொல்கத்தா வலயத்தைப் பயன்படுத்தலாம் என்பது அதன் சாரம். கணினியோ குறிப்பை வாசிப்பதில்லை; அட்டவணையையே வாசிக்கின்றது. 2001இல் வன்னி நேரம் காலை எட்டு மணிக்கு நிகழ்ந்த ஓர் இறப்பைக் கொழும்பு வலயத்திற் பதிந்தால், அது உண்மை நிகழ்வுக்கு அரை மணித்தியாலம் முந்திவிடும்.

மக்களின் உழைப்பும் காத்திருப்பும் இடைவெளிகளால் ஆனவை. அவற்றை எந்த ஆணையும் நீட்டவோ குறுக்கவோ இயலாது. ஆயின் அவை எப்போது நிகழ்ந்தன என்பதை ஆணைகள் மறைத்துவிடக்கூடும். ஆதலால், வன்னியின் போர்க்கால வாய்மொழிச் சான்றுகளைத் தொகுப்போர், கூறப்படும் மணி எந்த நேரத்திற்குரியது என்பதையும் கேட்டுப் பதிதல் வேண்டும். அன்றேல், நியமத்தை வகுத்தோரின் கடிகாரமே வரலாற்றின் கடிகாரமாக நிலைத்துவிடும்.